வெறுங்குழாய் வாதம்

திருவேங்கடத்திலிருந்து குற்றாலச் சீசனுக்குத் தம் ஸ்போர்ட்ஸ் காரில் பறக்கும் அன்பர் ஒருவர், நச்சுப்புகையைச் சுத்திகரிக்கும் கேடலிட்டிக் கன்வெர்ட்டர் பழுதுற்றால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்குழாயை மாட்டினால் வேகமும் கூடும், பணமும் மிஞ்சும் என்று சாதிக்கிறார். உள்ளேயிருக்கும் பீங்கான் தேனடை உருகி அடைத்துக்கொண்ட பிறகு, அதை எடுத்தெறிந்தால் எஞ்சின் மூச்சுவிடத்தான் செய்யும். ஆனால், பிளக்கோ இக்னிஷன் காயிலோ சோர்ந்து மிஸ்ஃபயர் உண்டாகி, எரியாத பெட்ரோல் அங்கே போய்ப் பற்றியதால் விளைந்த அனர்த்தமா அது என்பதை அவர் விசாரிக்கவேயில்லை.

1995 ஏப்ரலில் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களுக்காக வந்த கன்வெர்ட்டர் விதி நம் கரிசல் சீமைக்கு எதற்கு என்பது அவருடைய அடுத்த யுக்தி. அன்பர் கால் நூற்றாண்டு தூங்கிவிட்டார் போலும்! 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி தேசமெங்கும் அமலில் இருக்கிறது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை சேர்ந்த கன்வெர்ட்டர் விலை மிகுந்தது என்பது மெய்யே. அவ்விலைக்கு அஞ்சுவோர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்க வேண்டியதில்லை.

முதலில் மிஸ்ஃபயரைச் சீர்செய்து, பின்னர் தரமான கன்வெர்ட்டரையே மாட்டுங்கள், ஐயா. உங்களுடைய சிக்கனத்துக்காகத் தென்காசிச் சாலையில் நடப்போர் கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர்.