கருவிக்குப் பெயர் சூட்டுவது எவ்வாறு?

ஓர் ஊரில் நான்கு முருகன்கள் இருந்தால், மேலத்தெரு முருகன், கடைக்கார முருகன் என்று அடைமொழி சேர்த்து நம் மக்கள் சிக்கலை எளிதில் தீர்த்துவிடுவர். கணிப்பொறி அறிஞர்களுக்கோ இதே சிக்கல் நெடுநாள் தீரவில்லை. குறுந்தகட்டில் எழுதும் கருவியை எப்பெயரால் அழைப்பது என்ற சிறு கேள்வி பல ஆண்டுகள் பெரும் வழக்காக நடந்தது. குறுந்தகட்டின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆயினும் அவ்வழக்கில் நாம் கற்க வேண்டிய பாடம் இன்னும் முடியவில்லை என்பது என் கருத்து.

பெயருக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? எழுதும் மென்பொருளிடம், "இந்தக் கருவியில் எழுது" என்று நாம் சுட்டிக்காட்ட வேண்டும். சி.டி.-ஆர் என்னும் தகட்டில் ஒரு பகுதியில் ஒருமுறைதான் எழுதலாம். பிழையானால் தகடு வீண். அழித்து எழுதத்தக்க தகட்டிலோ ஆபத்து இன்னும் பெரிது. இரண்டு கருவிகள் உள்ள கணிப்பொறியில் பெயர் இடம் மாறினால், பாதுகாக்க வேண்டிய தகடு அழிந்து, அழிக்க வேண்டியது பத்திரமாக இருக்கும்.

பெயர் வைக்கும் முறைகள் மூன்று. நம் கல்லூரியிலேயே மூன்றும் உண்டு. வருகைப் பதிவேட்டில் ஒருவர் 23ஆம் எண். முன்னால் உள்ள ஒருவர் விலகி, அடுத்த ஆண்டு பதிவேடு புதிதாக எழுதப்பட்டால் அவர் 22 ஆகிவிடுவார். இது வரிசையால் வரும் பெயர். தேர்வுக்கூடத்தில் "மூன்றாம் வரிசை, இரண்டாம் இருக்கை" என்றால் அது இடத்தால் வரும் பெயர். அன்றைய தேர்வு முடியும் வரைதான் செல்லும். பல்கலைக்கழகம் தரும் பதிவு எண்ணோ, அவர் எங்கே அமர்ந்தாலும், பட்டம் பெற்றுச் சென்ற பின்னும் அவருக்கே உரியது. இது அடையாளத்தால் வரும் பெயர்.

இயக்க முறைமைகள் நெடுங்காலம் முதலிரண்டு முறைகளையே பின்பற்றின. டாஸ் முறைமை ஏ, பி, சி என்று எழுத்துகளை வரிசையாகக் கொடுத்தது. புதிதாக ஒரு வன்தட்டைப் பொருத்தினால், நேற்று வரை 'டி' ஆக இருந்த குறுந்தகட்டுக் கருவி இன்று 'இ' ஆகிவிடும். லினக்ஸில் ஐ.டி.இ. வகைக் கருவிகளுக்கு இடமே பெயர்: இரண்டாம் கேபிளின் முதற் கருவி 'எச்.டி.சி.' எனப்பட்டது. ஸ்கஸி வகை வன்தட்டுகளுக்கோ, கண்டறியப்பட்ட வரிசைப்படி 'எஸ்.டி.ஏ.', 'எஸ்.டி.பி.' என்று பெயர் வந்தது.

இனி வழக்குக்கு வருவோம். யோர்க் ஷில்லிங் என்னும் ஜெர்மானியர் எழுதிய 'சிடி ரெக்கார்ட்' என்ற மென்பொருள் 1990களின் பிற்பகுதியிலிருந்து யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் பெரிதும் வழங்கியது. அது கருவியை 0,4,0 என்பது போல் மூன்று எண்களால் கேட்டது: எத்தனையாவது ஸ்கஸி இணைப்பு, அதில் கருவியின் எண் என்ன, கருவிக்குள் எந்த உட்பிரிவு. அக்காலத்தில் இது நியாயமான முறையே. தொடக்க கால எழுதும் கருவிகள் பெரும்பாலும் ஸ்கஸி வகை. 0 முதல் 7 வரையுள்ள எண்ணில் ஒன்றைப் பயனரே கருவியின் பின்புறத்தில் அமைத்தார். தாமே அமைத்த எண் தாமாக மாறாதன்றோ?

பிறகு மலிவான ஐ.டி.இ. கருவிகள் வந்தன. அவற்றுக்கு இத்தகைய எண் இல்லை. ஆகவே லினக்ஸ் 2.4 காலத்தில், கருவியை ஸ்கஸி போல நடிக்க வைக்கும் ஒரு துணை நிரல் தேவைப்பட்டது. இல்லாத எண்ணை உண்டாக்குவதற்காக ஒரு வேடம்! 2003 டிசம்பரில் லினக்ஸ் 2.6 வந்தபோது, கோப்புப் பெயரைச் சொல்லியே நேராக எழுதும் வழி பிறந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் முதலியோர் எண் முறை வேண்டாம் என்றனர். ஷில்லிங் இசையவில்லை; அவருடைய மென்பொருள் கோப்புப் பெயரை ஏற்றுக்கொண்டே அதைக் கடிந்து எச்சரிக்கையும் அச்சிட்டது. உரிமம் பற்றிய பூசலும் சேர்ந்துகொள்ள, 2006இல் டெபியன் குழுவினர் அதிலிருந்து பிரிந்து 'வோடிம்' என்ற மென்பொருளை உருவாக்கினர். 2021இல் ஷில்லிங் மறைந்தார்.

ஷில்லிங்கின் தரப்பை எள்ளி நகையாடுவது முறையன்று. ஒவ்வொரு முறைமையும் ஒவ்வொரு விதமாகப் பெயரிடும்போது, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு முகவரி இருந்தால் மென்பொருள் எங்கும் ஒரே விதமாக இயங்கும் என்பது அவர் வாதம். பல முறைமைகளுக்காக உழைத்தவரின் கவலை அது. ஆனால் அம்முகவரி நிலையானது என்ற எண்ணத்தைக் காலம் பொய்யாக்கிவிட்டது. யு.எஸ்.பி. கருவியை எடுத்துக்கொள்வோம். அதைக் கழற்றி மீண்டும் செருகினால் அக்கால லினக்ஸ் அதற்குப் புதிய இணைப்பு எண்ணைத் தந்தது. அதே கருவி, அதே துளை. எண் மட்டும் வேறு!

அப்படியானால் எதிர்த்தரப்பு முழுதும் வென்றதா? அதுவும் இல்லை. 'எச்.டி.சி.' என்ற பெயரும் நிலைக்கவில்லை. 2007ஆம் ஆண்டளவில் லினக்ஸ் வெளியீடுகள் புதிய முறைக்கு மாறியபோது, அதே கருவி 'எஸ்.ஆர்.0' ஆயிற்று. பழைய பெயரை எழுதி வைத்திருந்த நிரல்கள் கருவியைக் காணாமல் திகைத்தன. எண்ணா, எழுத்தா என்பதில் இருதரப்பாரும் மோதினர். உண்மைக் கேள்வியோ, பெயர் எதைச் சுட்டுகிறது என்பது.

விடை வேறு திசையிலிருந்து வந்தது. 2003இல் தோன்றிய 'யூடெவ்' என்னும் நிரல், கருவியிடமே அதன் தயாரிப்பாளர், மாதிரி, வரிசை எண் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவற்றைக் கொண்டு நிலையான பெயர் சூட்ட வழி செய்தது. பதிவு எண் முறை கணிப்பொறிக்கும் வந்துவிட்டது.

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். இன்று நம் மாணவர் பலர் பென் டிரைவில் லினக்ஸைப் பதிக்கின்றனர். 'எஸ்.டி.பி.' என்று எழுத வேண்டிய இடத்தில் 'எஸ்.டி.ஏ.' என்று எழுதிவிட்டால், மூன்றாண்டுப் பாடக் குறிப்புகளும் ஆய்வேடும் இருந்த வன்தட்டு ஒரே நொடியில் பாழாகத் தொடங்கும். ஓர் எழுத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா? "பயனர் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது எளிது. கணிப்பொறிக்குத் தெரிந்ததை மனிதன் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது என்ன நீதி? தயாரிப்பாளர் பெயரையும் கொள்ளளவையும் காட்டி, "இதைத்தானே அழிக்க வேண்டும்?" என்று கேட்பது மென்பொருளின் கடமை.

நாளை நம்மில் பலர் மென்பொருள் எழுதப் போகிறோம். கருவி எங்கே செருகப்பட்டது, எத்தனையாவதாக வந்தது என்பவை அதன் பெயராகா. அது எது என்பதே பெயராக வேண்டும். அப்பெயரைக் கண்டறியும் சுமை இயந்திரத்துக்கு உரியது. இதனை மறவாமல் நிரல் எழுதுவோமாக!