பழுது நீக்கும் கை

1990ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டெக்னோபார்க்கினால் கழக்கூட்டம் புகழ்பெற்றது. ஆயினும் அவ்வூர் உள்ளிட்ட கேரளத்தின் தொடக்கப் பள்ளிகளுக்கென உயர்தொழில்நுட்ப ஆய்வகத் திட்டம் 2019இல்தான் தொடங்கியது. ‘கைட்’ என்னும் அரசு நிறுவனம் மடிக்கணினி, ஒளிவீழ்த்தி, ஒலிபெருக்கி ஆகியவற்றை வழங்கியது. சிறுவர்க்குக் ‘களிப்பெட்டி’ என்னும் கணினிப் பாடநூலும் உண்டு. மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு, தமிழிலோ மகிழ்ச்சி. இரண்டும் அந்நூலுக்குப் பொருந்தும்.

கருவிகளுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம் தரப்பட்டது. அதன் பின்னர்? மின்கலம் தேயும், விசைப்பலகையில் எழுத்துகள் சிக்கும், கடலை அடுத்த ஊரின் ஈரக்காற்றில் இணைப்பு முனைகள் துருவேறும். ஒரு மடிக்கணினி பழுதானால், அதைச் சூழ்ந்து அமரும் நான்கைந்து குழந்தைகள் வெறுமனே பார்த்திருப்பர். பாடம் நடத்தும் ஆசிரியரே பழுதையும் நீக்க வேண்டும் என்பது முறையன்று.

புதியன வாங்குவதே தீர்வு என்பாரும் உளர். அது பாதி உண்மையே. அப்பள்ளிகளின் கணினிகள் லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில் இயங்குகின்றன. புதிய பதிப்பை நிறுவ உரிமக் கட்டணம் இல்லை. வேண்டுவது செய்யத் தெரிந்த கை. உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் இயங்கும் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்ற மாணவர்கள் வன்பொருள் பயிற்சியும் பெறுகின்றனர். அவர்களை மாதம் ஒருமுறை அண்டையிலுள்ள தொடக்கப் பள்ளிக்கு அனுப்பலாம். அவர்களால் இயலாத பழுதுகளை நீக்க, சில பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு தொழில்நுட்பரை அரசு அமர்த்த வேண்டும். அவருடைய ஊதியத்தைக் கணினி வாங்கும் செலவோடு முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.