நோய்த்தடுப்பும் ஊரொழுக்கமும்

கல்லூரியொன்றின் விழா மலரிலே அதன் பழம்பெருமைகளை எடுத்துரைத்தல் மரபு. பரீட்சைச் சித்திகள், விளையாட்டு வெற்றிகள், உயர்பதவி வகித்த மாணாக்கர் வரிசை என்பனவெல்லாம் நினைந்து மகிழத்தக்கனவே. ஆயினும், அக்கல்வியினாலே கல்லூரி மதிலுக்கு வெளியே வாழும் மக்கள் பெற்ற நன்மை யாது என்று வினாவுதற்கும் விழாக்காலமே ஏற்ற காலமாகும். அவ்வினாவைத் தொற்றுநோய்த் தடுப்பு என்னும் ஒரு விடயத்தில் வைத்து ஈண்டு ஆராய விரும்புகின்றோம். வைத்தியருக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் உரியதென்று எம்மிற் பலர் ஒதுக்கிவைத்துள்ள இவ்விடயம், உண்மையில் எமது அன்றாட ஒழுக்கத்தைப் பற்றியதென்பதே எமது கருத்து.

வறியவர் வாழும் இடங்களில் நோய் மலிவதற்குக் காரணம் அவர்தம் அறியாமையே என்று சொல்லிவிடுதல் கற்றோர்க்கு எளிது. அறியாமை ஒரு காரணமாகலாம். அதுவே முழுக் காரணமன்று. நோய் பரவும் வகையை நன்கறிந்தும் அறிந்தவாறு ஒழுகாதவர் கற்றோரிடையே எத்துணைப் பேர்! அறிந்தவாறு ஒழுக விரும்பியும் அதற்கு வேண்டிய நீரும் இடமும் பொருளும் இல்லாதவர் வறியோரிடையே எத்துணைப் பேர்! இவ்விரு திறத்தாரையும் பிரித்தறியாது செய்யப்படும் சுகாதாரப் பிரசாரம் வீண் பிரசாரமேயாம்.

மருந்தும் தடுப்பூசியும் இல்லாத ஒரு நோயை, மக்களின் பழக்கமாற்றமே பெரும்பாலும் உலகினின்றும் அகற்றிய வரலாறு ஒன்றுண்டு. நரம்புச் சிலந்தி என்று தமிழர் பண்டே பெயரிட்டழைத்த நோய் அது. குளத்து நீரிலும் படிக்கிணற்று நீரிலும் வாழும் நுண்ணிய நீர்த்தெள்ளுக்களினுள்ளே அப்புழுவின் குடம்பிகள் தங்கியிருக்கும். அந்நீரை வடியாது பருகியவரின் உடலிலே புழு வளர்ந்து, ஓராண்டளவிற் பெரும்பாலும் காலிலே கொப்புளம் எழுப்பி, ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுடையதாய் மெல்ல மெல்ல வெளிவரும். எரிவு தாளாத நோயாளி காலை நீரில் வைப்பார். வைத்ததும் புழு தன் குடம்பிகளை அந்நீரிலே சொரியும். அந்நீரை ஊரவர் பருக, நோய் மீண்டும் தொடங்கும். 1986ஆம் ஆண்டளவில் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் ஆண்டுதோறும் 35 இலட்சம் பேர் இந்நோயால் வருந்தினரென மதிப்பிடப்பட்டது. 2023ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் இந்நோய் கண்ட மனிதர் 14 பேர் மாத்திரமே.

இதனைச் சாதித்தவை எவை? குடிநீரைச் சீலையால் வடித்தல், புழு வெளிப்படும் நோயாளி நீர்நிலையில் இறங்காது காத்தல், நீர்நிலைக்கு மருந்திடல், பாதுகாப்பான கிணறு அமைத்தல் என்னும் எளிய செயல்களே. அந்தந்தக் கிராமத்தவரே தொண்டராகி வீடுவீடாகச் சென்று நோயாளரைக் கண்டறிந்தனர். 1995இல் சூடானிலே போரிட்ட இரு பகுதியினரும் இப்பணிக்காகச் சில மாதம் போரையே நிறுத்தினர். தமிழ்நாடு உட்பட இந்தியாவின் பல பாகங்களிலும் பரந்திருந்த இந்நோய், 1996இல் அந்நாட்டிற் கடைசியாகக் காணப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இந்தியா அதனின்றும் விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இப்புழுவை ஒழிக்கப் பெரும்பங்காற்றியவர் பாடசாலைக் கல்வி அதிகம் பெறாத கிராம மக்களே என்பதை எம்மனோர் மறத்தலாகாது.

மக்களின் மனத்தை வெல்லாது கட்டளையால் மாத்திரம் நோயை வெல்ல முயல்வதன் விளைவையும் உலகம் கண்டுள்ளது. 2014ஆம் ஆண்டு முதல் 2016ஆம் ஆண்டு வரை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய நாடுகளிலே எபோலா நோய் பரவி 11,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. இறந்தவரின் உடலைத் தீண்டிக் கழுவி அடக்கஞ் செய்யும் வழக்கத்தினாலும் அந்நோய் தொற்றியது. முதலில் உடல்களை அந்நியர் சிலர் கவசமணிந்து வந்து எடுத்துச் சென்றனர். உறவினர் அருகே நிற்கவும் இடம் பெறவில்லை. மக்கள் அஞ்சி நோயாளரை மறைத்தனர். இரவிலே இரகசியமாகப் புதைத்தனர். 2014 ஓகஸ்டில் லைபீரியாவின் தலைநகரில் வறியோர் வாழும் வெஸ்ற் பொயின்ற் என்னும் பகுதியைப் படையினரைக் கொண்டு அரசாங்கம் அடைத்தது, கலகம் மூண்டது, சில நாட்களில் அத்தடையை நீக்க நேர்ந்தது. பின்னர், சமயப் பெரியாரும் ஊர்த் தலைவரும் கலந்தாலோசிக்கப்பட்டனர். உறவினர் தொலைவில் நின்று காணவும், உரிய பிரார்த்தனை நிகழவும், உடல் மதிப்போடு அடக்கஞ் செய்யப்படவும் வழி செய்யப்பட்டது. மக்களும் இணங்கினர். நோய் தணிந்தமைக்கு அவ்விணக்கம் ஒரு முக்கிய காரணமாயிற்று. துக்கத்திலிருப்பவரின் மனத்தை மதியாத சுகாதாரம் சுகாதாரமன்று.

இனி எமது நாட்டை நோக்குவோம். 1934, 1935ஆம் ஆண்டுகளிலே மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. அதன்பின் இயற்றிய பெருமுயற்சியால், 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா காணப்பட்டது. பகை ஒழிந்ததென்று எண்ணி மருந்து தெளித்தலும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969ஆம் ஆண்டிலோ நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. அப்பாடத்தைக் கற்றபின், போர்க்காலத்திலும் இடையறாது செய்த தொண்டினால், 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்நாட்டிலே தொற்றிய மலேரியா அற்றுப்போயிற்று. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. பெருமைப்படத்தக்க வெற்றியே. ஆனால், அவ்வெற்றியை ஒட்டியே, இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பினமொன்று மன்னாரிற் காணப்பட்டது. பின்பு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் பெருகுவது. நோய்க் கிருமி இல்லாதவரை அந்நுளம்பினால் மலேரியா இல்லை. ஆதலின், இந்தியாவுக்கு யாத்திரை சென்று மீள்வோரும், ஆபிரிக்க நாடுகளிலே தொழில் புரிந்து திரும்புவோரும் காய்ச்சல் கண்டால் தம் பிரயாணத்தை வைத்தியருக்குத் தவறாது உரைத்தல் வேண்டும். அஃது ஊருக்குச் செய்யும் கடமை.

டெங்குக் காய்ச்சலோ எம் படலைக்குள்ளேயே நிற்கின்றது. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கினாற் பீடிக்கப்பட்டனரென அறிவிக்கப்பட்டது. இந்நோயைப் பரப்பும் நுளம்பு காட்டிலிருந்து வருவதன்று. எமது தொட்டியிலும், பூச்சாடியிலும், சிரட்டையிலும், எறிந்த ரயரிலும் பிறப்பது. கரையோரங்களில் உவர்நீரிலும் அது பெருகுவதை யாழ்ப்பாணத்து ஆய்வாளர் காட்டியுள்ளனர். தொட்டியின் உட்சுவரில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றினும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலின் நீரை ஊற்றிவிடுதல் போதாது. கிழமைக்கொருமுறை தும்பினால் உரைஞ்சிக் கழுவுதல் வேண்டும். அந்நுளம்பு பொதுவாகச் சில நூறு மீற்றருக்கு அப்பாற் பறப்பதில்லை. ஆகவே, எம் பிள்ளையைக் கடித்த நுளம்பு எம் வளவிலோ அயல் வளவிலோ பிறந்ததென்பது பெரும்பாலும் உறுதி.

நீரின் செய்தியும் இத்தகையதே. குடாநாட்டின் நிலம் வெடிப்பும் பிளவும் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஒருவர் வளவின் மலக்குழிக் கழிவு அவ்வெடிப்புக்கள் வழியே கீழிறங்கி, மற்றொருவரின் கிணற்றைச் சென்றடைதல் கூடும். நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் அவ்வழியே வருவன. மேலே வேலியடைத்து எல்லைக்கு வழக்காடுகின்றோம். கீழேயோ அனைவரும் ஒரே நீரைப் பருகுகின்றோம். வேலியை நுளம்பும் அறியாது, நீரும் அறியாது.

எமது சமுதாயம் துப்புரவை அறியாத சமுதாயமன்று. விடியுமுன் முற்றம் கூட்டி நீர் தெளித்தல், நீராடிய பின்னரே அடுப்படி புகுதல், கைகால் கழுவி வீட்டினுள்ளே செல்லுதல் ஆகிய வழக்கங்களை எம் முன்னோர் சமய ஒழுக்கமாகவே போற்றினர். ஆனால், கூட்டிய குப்பை எங்கே செல்கின்றது? வேலிக்கு அப்பால் ஒழுங்கைக்குச் செல்கின்றது. தன் வீட்டைத் தூய்மையாக்குவதற்காக ஊரை அசுத்தமாக்குதல் எவ்வகை ஆசாரம்? இதனினும் கொடியதொன்றும் உண்டு. ஒரு சாராரை நெடுங்காலம் கிணற்றிலே நீர் அள்ள விடாது, பிறர் வார்க்கும்வரை காத்துநிற்கச் செய்துவிட்டு, அவர்களையே துப்புரவற்றவர் என்று பழித்த வரலாறு எமக்குண்டு. அப்பழி யாரைச் சாரும் என்பதை நடுநின்று சிந்திப்போர் அறிவர்.

இன்றும் அம்மனப்பான்மை வேறு வடிவில் வாழ்கின்றது. குழாய் நீர் இல்லாத குடிசையார் வாளியிலும் பீப்பாவிலும் நீர் சேமிக்கின்றனர். அதில் நுளம்பு கண்டால் தண்டப்பணம் விதிக்கின்றோம். மூடியொன்று கொடுப்பின் தீரக்கூடிய குறை அது. மறுபுறத்தே, கடல் கடந்து வாழ்வோரின் பூட்டிய வீடுகள் எத்தனை! அவற்றின் தொட்டிகளிலும் பீலிகளிலும் மழைநீர் தேங்கி, கேட்பாரின்றி நுளம்பு பெருகுகின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் எம்மைக் கோபித்தல் வேண்டா. ஊர்ப்பற்று மிகுந்த அவர்களே, தம் பூட்டிய வளவு அயலவர் குழந்தைக்கு ஆபத்தாதலை விரும்பார் என்னும் நம்பிக்கையினாலேயே இதனை எழுதுகின்றோம்.

ஆகவே, விழா நினைவாகச் செய்யத்தக்க சிலவற்றைச் சங்கத்தாரின் முன் வைக்கின்றோம். முதலாவது, பூட்டிய வீடுடைய ஒவ்வொருவரும் திறப்பை நம்பிக்கையான அயலவரிடம் ஒப்புவித்து, மாரிகாலத்தில் கிழமைதோறும் வளவைத் துப்புரவாக்க ஏற்பாடு செய்வாராக. இரண்டாவது, நினைவு வளைவுக்கும் கல்வெட்டுக்கும் செலவிடும் பொருளில் ஒரு பங்கை, கல்லூரியின் அயலில் வாழும் வறிய குடும்பங்களுக்கு முறையான மலசலகூடமும், கிணற்றுக்குக் கட்டும், தொட்டிக்கு மூடியும் அமைக்கச் செலவிடுக. எங்கே அமைப்பது, எவ்வாறு அமைப்பது என்பதை அக்குடும்பத்தாரையே முதலிற் கேட்டறிதல் வேண்டும். மூன்றாவது, கல்லூரியின் மலசலகூடங்களில் நீரும் சவர்க்காரமும் என்றும் இருத்தல் வேண்டும். கை கழுவ நீரில்லாத இடத்தில் கை கழுவும் பாடம் நடத்துதல் நகைப்புக்கிடமாகும். நான்காவது, மாணவர் ஆசிரியருடன் சென்று அயலிலுள்ள தொட்டிகளையும் கிணறுகளையும் பார்வையிட்டுக் கணக்கெடுத்து, குடம்பி காணப்பட்ட இடங்களைப் படத்திற் குறிப்பார்களாக. இது தண்டனை வேலையாகாது விஞ்ஞானப் பாடமாகட்டும்; அயலவரைக் குற்றஞ்சாட்டும் வேலையாகாது உதவும் வேலையாகட்டும்.

இவற்றைச் சொல்லும் மொழியும் மக்கள் மொழியாதல் வேண்டும். 1847 முதல் 1873 வரை யாழ்ப்பாணத்திலே வைத்தியத் தொண்டாற்றிய சாமுவேல் கிறீன் என்பார், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்துத் தமிழிலே நூல்களையும் ஆக்குவித்தார். அந்நியராகிய அவர் உணர்ந்த உண்மையை நாம் மறந்து, விளங்காத சொற்களால் அறிவித்தல் ஒட்டிவிட்டு, மக்கள் கேட்கின்றிலர் என்று குறை கூறுகின்றோம்.

நோயை மறைத்தலும் விடல் வேண்டும். காய்ச்சல் வந்தது குடும்பத்துக்கு இழுக்கன்று. அதனை உரியவருக்கு அறிவியாமையே இழுக்கு. 2024 டிசெம்பரிலே, வெள்ளத்தின் பின், எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பலிகொண்டது. வெள்ளத்திலும் வயலிலும் இறங்கி உழைப்பவர் நாட்கூலி இழக்க அஞ்சி வைத்தியசாலைக்குப் பிந்திச் செல்வாராயின், அவர் உயிர்க்கு ஊராகிய நாமும் பொறுப்பாளிகளே.

ஒரு கல்லூரி நூறு வைத்தியரை உருவாக்குதல் பெருமைக்குரியது. அதன் மாணவர் வாழும் ஒழுங்கைகளில் வைத்தியருக்கு வேலை குறைதல் அதனினும் பெருமைக்குரியது. அப்பெருமையை அடுத்த விழா மலரில் எழுதுவோர் பெறுதற்கு, இவ்வாண்டு மாரி தொடங்குமுன் அவரவர் தொட்டியையும் அயலவர் தொட்டியையும் கழுவத் தொடங்குவோமாக.