கால் எரிச்சலுக்குச் சுகர் மட்டும்தான் காரணமா?

பத்து வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிடும் ஒருவர் மருத்துவரிடம் போகிறார். உள்ளங்கால் எரிகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது, நடக்கும்போது செருப்பு கழன்றாலும் தெரியவில்லை என்கிறார். பெரும்பாலும் அவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: “உங்களுக்குச் சுகர் இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும்.” கையோடு ஒரு நரம்பு மாத்திரையும் எழுதப்படுகிறது. நீரிழிவு நரம்பைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால், நீரிழிவுக்காக அவர் நாள்தோறும் விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரை உடம்பில் வைட்டமின் பி12 அளவைக் குறைத்திருக்கலாம். அந்தக் குறைபாடும் இதே எரிச்சலையும் இதே மரமரப்பையும் தரும். இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை. ஒரேயொரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக்கூடிய விஷயம் இது. அதைச் செய்யாமலே நரம்பு மாத்திரை எழுதும் வழக்கம் நிற்க வேண்டும். மெட்ஃபார்மினை வீட்டு வாசல்வரை கொண்டுபோய்க் கொடுக்கும் தமிழக அரசு, இந்தப் பரிசோதனையையும் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். மெட்ஃபார்மின் கெட்ட மாத்திரை இல்லை. கலேகா என்ற ஐரோப்பிய மூலிகையின் வேதிப்பொருளில் தொடங்கிய ஆராய்ச்சியின் வழியாக, 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் இதை நீரிழிவுக்கான மருந்தாக முன்வைத்தார். 1998இல் வெளியான பிரிட்டனின் நீண்டகால ஆய்வு, உடல் எடை கூடிய நீரிழிவு நோயாளிகளுக்கு இது மாரடைப்பையும் மரணத்தையும் குறைப்பதைக் காட்டியது. விலை குறைவு, தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்நிலைக்குப் போகும் ஆபத்தும் மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கைகளைப் பார்த்து மாத்திரையை நிறுத்துகிறவர்கள் பி12 குறைபாட்டைவிடப் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்கிறார்கள்.

பக்கவிளைவு ஒன்று இருப்பதும் புதிதாகக் கண்டுபிடித்த செய்தியன்று. உணவில் இருக்கும் பி12ஐ இரைப்பையின் அமிலம் பிரித்தெடுக்கிறது. இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு அது சேர்ந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை பயணம் போய், அங்கே கால்சியத்தின் துணையோடு உறிஞ்சப்படுகிறது. கால்சியம் தேவைப்படும் அந்தக் கடைசிப் படியில்தான் மெட்ஃபார்மின் குறுக்கிடுகிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். உறிஞ்சும் திறன் குறைவதை மருத்துவ இதழ்கள் 1970களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டன. நெதர்லாந்தில் 390 நோயாளிகளிடம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆய்வின் முடிவு 2010இல் வெளியானது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களின் பி12 அளவு 19 சதவீதம் குறைந்திருந்தது. அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் தொடர் ஆய்வு, மெட்ஃபார்மின் சாப்பிடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைபாட்டுக்கான வாய்ப்பு 13 சதவீதம் ஏறுவதாக 2016இல் சொன்னது. அதன்பின் அமெரிக்க நீரிழிவு சங்கம், மெட்ஃபார்மின் சாப்பிடுவோருக்கு அவ்வப்போது பி12 அளவைப் பார்க்கும்படி தன் வழிகாட்டு நெறிகளில் எழுதிவைத்தது. பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022 ஜூனில், இது பத்தில் ஒருவர்வரை பாதிக்கக்கூடிய ‘பொதுவான’ பக்கவிளைவு என்று அறிவித்தது. ஐம்பது ஆண்டாக ஏட்டில் இருக்கும் ஒரு விஷயம் நம் புறநோயாளிப் பிரிவின் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வராததற்கு ஒரு காரணம், இந்தக் குறைபாடு வரும் விதம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பி12 இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். கல்லீரலோ சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவைச் சேமித்து வைத்திருக்கும். அதனால் மாத்திரை தொடங்கிய ஆண்டிலோ அடுத்த ஆண்டிலோ ஒன்றும் தெரியாது. நாலைந்து வருடம் கழித்து அசதி, மறதி, நாக்கு எரிச்சல், கால் மரத்தல், நடையில் தள்ளாட்டம் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்போது, அதற்குள் வயதும் கூடியிருக்கும், சுகரும் பழகியிருக்கும். பழியை அந்த இரண்டின் மேலும் போட்டுவிடுவது எளிது. ரத்தசோகை வந்தால்தான் பி12 குறைபாடு என்று காத்திருக்கவும் முடியாது. ரத்தம் சரியாக இருக்கும்போதே நரம்பு கெடலாம். ஃபோலிக் அமில மாத்திரை தொடர்ந்து சாப்பிடுபவருக்கு ரத்தசோகை மறைந்துபோய், நரம்புச் சேதம் மட்டும் உள்ளுக்குள் வளரவும் கூடும். தொடக்கத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும் நரம்பு, நாள் கடந்தால் முழுதாகத் திரும்புவதில்லை.

நம் ஊர்ச் சாப்பாட்டையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பி12 இயற்கையாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சி, ஈரல் போன்ற விலங்கு உணவுகளில் மட்டுமே. கீரையும் முருங்கையும் கேழ்வரகும் எத்தனை சத்தானவையாக இருந்தாலும் இந்த ஒன்றை அவை தருவதில்லை. ‘நாங்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள், எங்களுக்கு ஏது குறை’ என்று கேட்பவர்கள் தங்கள் தட்டைக் கொஞ்சம் கவனிக்கலாம். வாரத்தில் ஒரு நாள் கறி, வெள்ளி செவ்வாயில் விரதம், புரட்டாசி முழுக்கச் சைவம், மாலை போட்டால் இன்னும் ஒரு மண்டலம். சுகர் வந்ததும் கொழுப்புக்குப் பயந்து ஈரலும் ஆட்டுக்கறியும் நின்றுபோகின்றன. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும் மிஞ்சுகிறது. பி12 பெரும்பகுதி இருப்பது மஞ்சள் கருவில். பால் என்றால் காபியில் ஊற்றும் பால், தயிர் என்றால் நீர்மோர். ஒரு தம்ளர் முழுப் பாலிலேயே சுமார் ஒரு மைக்ரோகிராம்தான் உண்டு. வரவு இப்படி இளைத்துக் கிடக்கும் உடம்பில்தான் மெட்ஃபார்மின் வந்து உறிஞ்சலையும் குறைக்கிறது. இந்த விஷயத்தில் மேல்நாட்டு நோயாளியைவிட நம் நோயாளிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது.

போதாததற்குக் கேஸ் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை போடாமல் நாளைத் தொடங்காதவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வீட்டிலும் எண்ணிப் பார்க்கலாம். பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையறா மாத்திரைகள் இரைப்பை அமிலத்தைக் குறைக்கின்றன. அமிலம் குறைந்தால் உணவிலிருந்து பி12 பிரிவதும் குறையும். இவற்றை இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களுக்குப் பி12 குறைபாடு இருக்கும் வாய்ப்பு 65 சதவீதம் கூடுதல் என்று 2013இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வு காட்டியது. ஒரு மாத்திரை இரைப்பையில் தடுக்கிறது, இன்னொன்று குடலின் கடைசியில் தடுக்கிறது. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதும் கை, மூன்றாவது வரியில் பி12 பரிசோதனையை எழுதத் தயங்குவதற்கு நியாயம் ஏதும் நமக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கல் அதிகம் பேசப்படாதது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, ரத்த சிவப்பணுக்களின் ஆயுளைச் சார்ந்தது. பி12 குறைவால் ரத்தசோகை வந்தால் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண்ணைப் பார்த்து மெட்ஃபார்மின் அளவைக் கூட்டினால், குறைபாடு இன்னும் ஆழமாகும்.

இனி நரம்பு மாத்திரைக்கு வருவோம். கடைகளில் இந்தப் பெயரில் விற்பவற்றில் பல, பிரிகாபலின் என்ற வலி மருந்தோடு மெத்தில்கோபாலமின் என்ற பி12 வடிவத்தையும் சேர்த்தவை. ‘அதில்தான் பி12 இருக்கிறதே, பிறகென்ன’ என்று கேட்கத் தோன்றும். பிரிகாபலின் தூக்கத்தையும் தலைச்சுற்றலையும் தரும். வயதானவர் இரவில் எழுந்து நடக்கும்போது விழுவதற்கு அது போதும். குறைபாடுதான் காரணம் என்றால், தேவையற்ற ஒரு மருந்தைக் காலமெல்லாம் விழுங்கவைக்கிறோம். அதைவிட முக்கியம், பி12 மாத்திரையைத் தொடங்கிவிட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். முன்பு குறைபாடு இருந்ததா இல்லையா என்பதை அதன்பின் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. பி காம்ப்ளெக்ஸ் சாப்பிடுகிறோமே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தப் பெயரில் கிடைக்கும் எல்லா மாத்திரையிலும் பி12 இருப்பதில்லை. அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்.

தனியார் மருத்துவர்களைக் குறை சொல்வதோடு இது முடியாது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் அது 14.4 சதவீதம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. பேருந்து பிடித்து, வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை இழந்து மாத்திரை வாங்கிய மக்களுக்கு அது பெரும் உதவி. பாராட்டத் தயங்க வேண்டியதில்லை. ஆனால், மருந்து வீட்டுக்கு வரும்போது நோயாளி மருத்துவரைப் பார்க்கும் தருணங்கள் குறைகின்றன. சர்க்கரை அளவும் ரத்த அழுத்தமும் குறிக்கப்படுகின்றன, மாத்திரை கைமாறுகிறது, அடுத்த வீடு. கால் மரத்துப்போகிறதா என்று கேட்பதற்கு அங்கே இடம் வேண்டும். ஒரு மருந்தை லட்சக்கணக்கான மக்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுக்கும் அரசு, அதன் பக்கவிளைவைக் கண்காணிப்பதும் அந்த விநியோகத்தின் பகுதிதான்.

செலவு கட்டுப்படியாகாது என்பார்கள். எல்லோருக்கும் ஆண்டுதோறும் செய்யச் சொன்னால் அந்த வாதத்தில் பொருள் உண்டு. நாம் அப்படிக் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் மெட்ஃபார்மின் சாப்பிடுவோரில் அறுபது வயதைக் கடந்தவர்கள், சைவ உணவினர், நாளொன்றுக்கு 1,500 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுப்பவர்கள், கேஸ் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு ஆண்டுக்கு ஒரு முறை. கால் எரிச்சலோ மரத்தலோ ரத்தசோகையோ இருப்பவர்களுக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் உடனே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்கு வசதி இல்லாவிட்டாலும், மாவட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் தைராய்டு பார்க்கும் அதே வகைக் கருவியில் பி12ஐயும் பார்க்கலாம். ரத்த மாதிரியை அனுப்பிவைக்கும் ஏற்பாடும் ரீஏஜென்டும்தான் கூடுதல் செலவு. தனியார் ஆய்வகத்தில் இதற்குச் சில நூறு ரூபாயோ அதற்கு மேலோ கொடுக்க வேண்டியிருப்பதால்தான் ஏழை நோயாளி தள்ளிப்போடுகிறார் என்பதையும் அரசு கணக்கில் எடுக்க வேண்டும்.

குறைபாடு உறுதியானால் சிகிச்சை எளிது. ஊசி போட்டால்தான் குணம் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை. நரம்பு கடுமையாகப் பாதித்தவர்களுக்கு ஊசி தேவைதான். மற்றவர்களுக்கு நாள்தோறும் 1,000 மைக்ரோகிராம் மாத்திரையே பெரும்பாலும் போதும். அந்த அளவில் கொடுக்கும்போது, வழக்கமான பாதையில் தடை இருந்தாலும் சுமார் ஒரு சதவீதம் தானாக ரத்தத்தில் கலக்கிறது. ஒரு நாள் தேவையைப் போல் பல மடங்கு அது.

மெட்ஃபார்மினால் வரும் பி12 குறைவுதான் நரம்புச் சேதத்தை உண்டாக்குகிறதா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சில தொடர்பைக் காட்டின, சில காட்டவில்லை. நீரிழிவும் குறைபாடும் ஒரே காலில் ஒரே அறிகுறியைத் தரும்போது அவற்றைப் பிரித்தறிவது எவருக்கும் கடினம். இந்தச் சந்தேகமே பரிசோதனைக்கான காரணம். இரண்டில் ஒன்று மலிவாகவும் ஆபத்தின்றியும் சரிசெய்யக்கூடியது என்னும்போது, அதைப் பார்க்காமலே மற்றதன் தலையில் கட்டுவதை மருத்துவம் என்று சொல்ல முடியாது.

மக்கள் நல்வாழ்வுத் துறை ஓர் அரசாணை மூலம் இதைத் தொடங்கிவைக்கலாம். மெட்ஃபார்மின் தொடங்கிய ஆண்டை நோயாளியின் அட்டையில் எழுதுவது, வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் கால் மரத்தல் குறித்துக் கேட்பதைக் கட்டாயமாக்குவது, மேலே சொன்ன பிரிவினருக்குப் பரிசோதனையை இலவசமாக்குவது, ஆயிரம் மைக்ரோகிராம் பி12 மாத்திரையைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் பட்டியல் வழியே ஆரம்ப சுகாதார நிலையம்வரை தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்வது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். அந்த ஆணை வரும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தாதீர்கள்; அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, எத்தனை ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்கள் என்பதைச் சொல்லி, பி12 பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.