வரிசையில் முன்னால் நிற்பது யார்?

2019-ம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி மும்பையில் பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா கோவாபரேடிவ் பாங்கின் கிளைகளுக்கு முன்னால் ஜனங்கள் பாஸ் புஸ்தகமும் கையுமாகத் திரண்டு நின்றார்கள். ஆறு மாத காலத்துக்கு ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்கு உத்தரவு போட்டிருந்தது. பாங்கில் இருந்த டிபாசிட் சுமார் 11,600 கோடி ரூபாய். கொடுத்திருந்த கடனிலோ ஏறக்குறைய முக்கால் பங்கு ஒரே கட்டிட நிறுவனக் குழுமத்திடம் சிக்கிக் கிடந்தது. அதை மறைக்க ஆயிரக்கணக்கில் பொய்க் கணக்குகள் எழுதப்பட்டிருந்தன என்பதும் பின்னால் வெளிவந்தது. ஜனங்களின் கூச்சலுக்குப் பிறகு 1,000 என்பது 10,000 ஆயிற்று. படிப்படியாக உயர்ந்து 2020 ஜூனில் ஒரு லட்சத்தைத் தொட்டது.

இம்மாதிரி ஆபத்துக்காகத்தான் டிபாசிட் இன்ஷ்யூரன்ஸ் என்று ஒன்று இருக்கிறது. 1960-ல் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்கு முழுகிய அதிர்ச்சியில் பிறந்த ஏற்பாடு அது. 1961-ல் சட்டம் வந்தது; 1962 ஜனவரி முதல் தேதி அமலாயிற்று. அன்றைக்குப் பாதுகாப்பு 1,500 ரூபாய். 1993-ல் ஒரு லட்சமாகி, இருபத்தேழு வருஷம் அசையாமல் நின்று, 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாயிற்று. அசல், வட்டி, எல்லாக் கிளைகளிலும் உள்ள கணக்குகள் யாவும் சேர்த்துத்தான் இந்த ஐந்து லட்சம். நாலு கிளையில் நாலு கணக்கு வைத்தால் இருபது லட்சத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. அது தப்பு.

ஐந்து லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்கு இன்று பெரிய பயமில்லை. 2021-ல் செய்த திருத்தத்தால், பாங்கின் மீது ரிசர்வ் பாங்கு தடை போட்டதிலிருந்து 90 நாட்களுக்குள் அவர்கள் கைக்குப் பணம் வந்தாக வேண்டும். நல்ல திருத்தம். ஐந்து லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர் கதி என்ன என்பதுதான் கேள்வி.

அப்படி வைத்திருப்பவர் பெரும் பணக்காரர், அவருக்காக ஏன் கண்ணீர் என்று சொல்வது சுலபம். ஓய்வு பெற்ற அன்று கிராஜுவிட்டியும் பிராவிடண்ட் பண்டும் சேர்ந்து வாங்குகிற பள்ளிக்கூட வாத்தியாரும் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறார். பூர்வீக வீட்டை விற்றுப் பெண் கல்யாணத்துக்காகப் பாங்கில் போட்டவரும் தாண்டிவிடுகிறார். 2021 மார்ச் இறுதிக் கணக்குப்படி நூற்றுக்கு 98 கணக்குகள் முழுப் பாதுகாப்புக்கு உட்பட்டவை. ஆனால் தொகையைப் பார்த்தால் பாதுகாப்புக்குள் இருந்தது பாதிக்குச் சற்று மேல் மட்டுமே.

பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா பாங்கு 2022 ஜனவரி 25-ந் தேதி யூனிட்டி ஸ்மால் பைனான்ஸ் பாங்குடன் இணைக்கப்பட்டது. தனி நபர்களுக்கு இன்ஷ்யூரன்ஸ் தொகை ஐந்து லட்சம் போக, முதல் வருஷ முடிவில் 50,000 வரை, இரண்டாம் வருஷம் இன்னொரு 50,000, மூன்றாம் வருஷம் ஒரு லட்சம், நாலாம் வருஷம் இரண்டரை லட்சம், ஐந்தாம் வருஷம் ஐந்தரை லட்சம் என்று தவணை வகுத்தார்கள். ஆக, 2027 ஜனவரிக்குள் மொத்தம் 15 லட்சம். அதற்கும் மேல் இருந்தால் 2032 வரை காத்திருக்க வேண்டும். 2021 மார்ச்சுக்குப் பிறகு ஐந்தாம் வருஷத் தவணை வரை வட்டி கிடையாது. அப்புறமும் மிஞ்சி நிற்கும் தொகைக்கு வருஷத்துக்கு 2.75 சதவீதம். அசல் போகவில்லையே என்று சமாதானம் சொல்லலாம். ஆறு சதவீதக் கூட்டு வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் இந்தக் காலத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். இவர்களுக்குக் கிடைப்பது சுமார் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம். நிறுவன டிபாசிட்தாரர்கள் நிலை இதைவிட மோசம். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் நூற்றுக்கு 80 பங்கை, முதிர்வு நாள் இல்லாத, 1 சதவீத டிவிடெண்டு தரும் முன்னுரிமைப் பங்குகளாக மாற்றிவிட்டார்கள்.

இத்தனைக்கும் இவர்கள் ஒருவகையில் அதிர்ஷ்டசாலிகள். இணைத்துக்கொள்ள இன்னொரு பாங்கு முன்வந்தது. அப்படி யாரும் வராமல் பாங்கு கலைக்கப்பட்டால் லிக்விடேட்டர் வருவார். ஈடுகளை விற்று, கடன்களை வசூலித்து, ரூபாய்க்கு இத்தனை பைசா என்று பங்கு பிரிப்பார். சட்டத்தின் 21-வது பிரிவு குறுக்கே நிற்பது இங்கேதான். ஒருவருடைய டிபாசிட்டின் பேரில் வரும் பங்கிலிருந்து, அவருக்காகத் தான் கொடுத்த தொகையை இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன் முதலில் எடுத்துக்கொள்ளும்.

பத்து லட்சம் வைத்திருந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கார்ப்பொரேஷன் ஐந்து லட்சம் கொடுத்துவிட்டது. பாக்கி ஐந்து லட்சம். லிக்விடேட்டர் படாத பாடுபட்டு ரூபாய்க்கு 40 பைசா பிரிக்கிறார் என்றால் அவர் பேரில் நாலு லட்சம் சேருகிறது. அந்த நாலு லட்சமும் கார்ப்பொரேஷனுக்கே. அவருக்கு ஒரு காசு கிடையாது. ரூபாய்க்கு 50 பைசாவைத் தாண்டிய பிறகுதான் அவர் முகத்தை யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். முழுகிய ஒரு கோவாபரேடிவ் பாங்கில் 50 பைசா தேறுவது லேசான காரியமா?

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன் டிபாசிட்தாரருக்கு முன்னால் நிற்பதில்லை, பக்கத்தில் நிற்கிறது. அதே 40 பைசா வந்தால் இருவருக்கும் ஆளுக்கு இரண்டு லட்சம். அதோடு விற்பனை முடியும் வரை காக்க வைப்பதும் இல்லை. 2008 ஜூலையில் இண்டிமாக் பாங்கை ஒரு வெள்ளிக்கிழமை மூடினார்கள். பாதுகாப்பு வரம்பான ஒரு லட்சம் டாலருக்கு மேல் இருந்த தொகையில் பாதியை, திங்கட்கிழமையே முன்கூட்டிய பங்காகக் கொடுத்தார்கள். மீதிக்கு உரிமைச் சீட்டு. 2010-ல் வரம்பை இரண்டரை லட்சம் டாலராக நிரந்தரமாக்கியபோது, அது 2008 ஜனவரியிலிருந்தே செல்லும் என்று சட்டம் செய்து அவர்களுக்கும் பலன் தந்தார்கள். அமெரிக்க முறையில் கோளாறு இல்லை என்பதல்ல. 2023-ல் சிலிகான் வேலி பாங்கு முழுகியபோது பெரும் கம்பெனிகளின் பணம் முழுவதும் இரண்டே நாளில் காப்பாற்றப்பட்டது. சின்ன பாங்கு முழுகியபோது அப்படி நடக்கவில்லை.

கார்ப்பொரேஷன் கொடுத்ததைத் திரும்ப வாங்காவிட்டால் நிதி கரைந்துவிடும், நாளைக்குச் சின்ன டிபாசிட்தாரருக்கே ஆபத்து என்று ஆட்சேபணை வரலாம். வாங்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்த நிதிக்கு வருஷா வருஷம் பிரீமியம் வருகிறது. பத்து லட்சம் டிபாசிட்டுக்கு ஐந்து லட்சத்துக்கு அல்ல, முழுப் பத்து லட்சத்துக்குமே பாங்கு பிரீமியம் கட்டுகிறது. நஷ்டத்தில் பங்கு ஏற்பதற்குத்தானே பிரீமியம்?

2021-ல் பார்லிமெண்டு இதே 21-வது பிரிவைத் தொட்டது. கார்ப்பொரேஷனுக்குச் சேர வேண்டியதைப் பாங்கு தாமதித்தால், ரெப்போ விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் வரை அபராத வட்டி போடலாம் என்று சேர்த்தார்கள். வரிசையை மட்டும் மாற்றவில்லை. கார்ப்பொரேஷனும் டிபாசிட்தாரரும் சரிசமமாகப் பங்கு பெற வேண்டும், லிக்விடேட்டர் வசூல் கணக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிபாசிட்தாரருக்கு அனுப்ப வேண்டும், தேறும் என்று நிச்சயமான தொகையில் ஒரு பகுதியை முதல் வருஷத்திலேயே கொடுத்துவிட வேண்டும் என்று சர்க்கார் ஒரு திருத்த மசோதா கொண்டுவர வேண்டும். பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா பாங்கின் கடைசித் தவணைக்கு 2032 வரை காலம் இருக்கிறது. அடுத்த பாங்கு எப்போது முழுகும் என்பதற்கு அப்படித் தேதி கிடையாது.