கப்பலைக் கூப்பிடத் தெரியுமா?

மில்லர்புரத்தில் இருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் துறைமுகம். சரக்குக் கப்பல்கள் வந்துபோகும் அதே கடலில்தான் வள்ளங்களும் விசைப்படகுகளும் வலை போடுகின்றன. இரவில் கப்பல் ஒன்று நேராக வந்தால் படகில் இருப்பவர் என்ன செய்வார்? டார்ச் அடிப்பார், கத்துவார். செல்போனில் சிக்னல் இருந்தாலும் கப்பல் கேப்டன் நம்பர் யாருக்குத் தெரியும்?

2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பம் அருகே கப்பல் மோதிப் படகு உடைந்ததில் குமரி மாவட்ட மீனவர்கள் இறந்தார்கள். பெரிய கப்பல் பஸ் மாதிரி பிரேக் போட்டு நிற்காது. முன்கூட்டியே பேச வேண்டும்.

அதற்குத்தான் வி.எச்.எப். ரேடியோ. அதன் 16-ஆம் சேனல் (156.8 மெகாஹெர்ட்ஸ்) உலகம் முழுக்க அழைப்புக்கும் ஆபத்துக்கும் பொது. கப்பல்கள் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. நம்பர் வேண்டாம், எட்டும் தூரத்தில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்.

ஆனால் நண்பர்களே, செட் மட்டும் இருந்தால் போதாது. கப்பலில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாது. இருக்கும் இடம், போகும் திசை, வலை கிடக்கும் பக்கம் - இதைச் சொல்ல நாலு ஆங்கில வாக்கியம் போதும். அதில் அரட்டை அடித்தால் அவசரக் குரல் அமுங்கிவிடும் என்பதையும் சொல்லித்தர வேண்டும். 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி உள்ள ஊரில் இது முடியாத காரியமா?