கடல்மீன் தொட்டி: நிறம் பார்த்தா மீன் வாங்குவது?



வண்ணமீன் கடைக்குள் நுழைந்ததும் நம் கண் எதைத் தேடுகிறது? நிறத்தைத்தான். ஆரஞ்சு உடலில் வெண்பட்டை தீட்டிய கோமாளி மீன், நீல உடலும் மஞ்சள் வாலும் கொண்ட நீல டாங் மீன், விசிறிபோல் துடுப்பை விரிக்கும் சிங்கமீன் ஆகியவற்றில் ஒவ்வொன்று வாங்கி ஒரே தொட்டியில் விட்டால் எவ்வளவு அழகாயிருக்கும் என்று தோன்றும். இப்படி நிறம் பார்த்து மீன் சேர்ப்பது தவறு என்பதே என் கருத்து. பவளத்திட்டு மீன்களைத் தேர்ந்தெடுப்பது ஒரு கணக்கு. அதில் நாம் பிழை செய்தால் உயிரை இழப்பது மீன்.

நீரின் கையிருப்பு

முதலில் இயற்பியலைக் கவனியுங்கள். 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், காற்றோடு சமநிலையில் உள்ள ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். அதே வெப்பநிலையில் கடல்நீரில் 7 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். உப்பு மிகுந்தாலும் வெப்பம் மிகுந்தாலும் நீரில் வாயு கரையும் அளவு குறைகிறது. ஆகவே நன்னீர் மீன் வளர்த்த பழக்கத்தில் கடல்மீன்களை நெருக்கி விடக்கூடாது.

நீளம் 100 செ.மீ., அகலம் 50 செ.மீ., நீரின் ஆழம் 50 செ.மீ. உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 250 லிட்டர் நீர் இருக்கும். வீட்டுக்கு அது பெரிய தொட்டிதான். அதில் 5 செ.மீ. நீளமுள்ள நீல டாங் குஞ்சு ஒன்றை விடுகிறோம். இந்த இனம் 30 செ.மீ. வரை வளரக்கூடியது, 25 செ.மீ. வளர்ந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 5 மடங்கு. உடலின் வடிவம் மாறாதிருந்தால் எடை 5 × 5 × 5, அதாவது 125 மடங்கு! ஆக்சிஜன் தேவை எடை கூடும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆனாலும் அது 30 மடங்குக்கு மேல் ஆகிவிடும். கழிவும் பெருகும். போதாக்குறைக்கு, தன் உடலைப்போல் நான்கு மடங்கு நீந்துவதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும். 2003-இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் நீமோவும் டோரியும் நண்பர்கள். ஆனால் நீமோவின் இனத்துக்குப் போதுமான தொட்டி டோரியின் இனத்துக்குச் சிறைதான்.

கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு. பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருந்து, பிறகும் மீன்களை ஒவ்வொன்றாகவே சேர்க்கவேண்டும்.

மூன்று கேள்விகள்

இடம் போதும் என்றால், அடுத்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது: யாருடைய வாய்க்குள் யார் நுழைய முடியும்? சிங்கமீனுக்குக் கோபம் இல்லை, பகையும் இல்லை. வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்கு இரை. அவ்வளவுதான்.

இரண்டாவது: இது எதைத் தின்று வாழ்கிறது? வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல இனங்கள் பவள உயிரிகளையே கொறித்துத் தின்பவை. மாண்டரின் மீனின் நீலம் அறிவியலிலேயே புகழ்பெற்றது. பெரும்பாலான மீன்களின் நீலம் நுண்தகடுகளில் ஒளி பட்டு எதிரொளிப்பதால் தோன்றுகிறது. மாண்டரின் மீனில் உண்மையான நீல நிறமியே உண்டு என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் காட்டினர். ஆனால் இந்த மீன் நாள் முழுவதும் பாறை இடுக்குகளில் நுண்ணிய உயிரிகளைப் பொறுக்கித் தின்பது. புதிய, சிறிய தொட்டியில் அவை விரைவில் தீர்ந்துபோகும். பிறகு உலர்தீனியைத் தூவினாலும் பெரும்பாலும் அது தொடாது. பட்டினியால் இளைத்துச் சாகும்.

மூன்றாவது: இது தன் எல்லையைக் காக்கச் சண்டையிடுமா? டாம்செல் மீன் விரலளவே இருக்கும். ஆயினும் தன் பாறையருகே வருவோரை விரட்டி விரட்டிக் கடிக்கும். கடலில் தோற்ற மீன் தப்பி ஓடிவிடும். தொட்டியில் எங்கே ஓடும்? அதனால்தான் சாதுவான மீன்களை முதலில் குடியேற்றி, முரட்டு மீனைக் கடைசியில் விடுகிறார்கள்.

எங்கிருந்து வந்தது?

இன்னொரு கேள்வி கடைக்காரருக்கு உரியது: இந்த மீன் பண்ணையில் பிறந்ததா, கடலில் பிடித்ததா? பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-களில், பவள இடுக்குகளில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தொடங்கியது. மீனும் கெட்டது, பவளமும் கெட்டது. நம் மன்னார் வளைகுடாவிலும் பவளத்திட்டுகள் உள்ளன. கோமாளி மீன்களும் உள்ளன. நம் நாட்டில் பவளங்களை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே தொட்டிக்குச் செயற்கைப் பாறையே போதும். கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை நம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. இருக்க, கடலில் கைவைப்பானேன்?

"இத்தனை விதி பார்த்தால் தொட்டி வெறிச்சென்று இருக்குமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கூட்டத்தில் எதையும் கூர்ந்து பார்க்க முடியாது. பண்ணையில் பிறந்த ஓர் இணைக் கோமாளி மீன்கள், அடித்தரையில் வாழும் ஒரு சிறு கோபி மீன். இவை போதும் என்பேன். கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. இரண்டில் பெரியது பெண்ணாக மாறுகிறது. அது நிகழ்வதை நாள்குறிப்பில் எழுதிவாருங்கள். பத்து மீன் பதறி ஓடும் தொட்டியைவிட இது உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

அடுத்தமுறை கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எவ்வளவு வளரும்? எதைத் தின்னும்? யாரை விரட்டும்? எங்கே பிறந்தது? இவற்றில் ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும், மீன் எவ்வளவு அழகாயிருந்தாலும், வெறுங்கையோடு திரும்புங்கள்.